கைப்பிடித்து நடத்துவார் வேண்டும்

கொடுத்தல் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது பொருளே. பசித்தவருக்கு உணவும், உடையற்றவருக்கு ஆடையும், கடன்பட்டவருக்குப் பணமும் வழங்குவதை நம் முன்னோர் நமக்குப் பழக்கிச் சென்றுள்ளனர். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் சீருடையும் வழங்கும் வழக்கம் இன்று பல மஹல்லாக்களில் வேரூன்றியிருக்கிறது. போற்றத்தக்க வழக்கம்தான். ஆனால், அன்று மேடையேறி நோட்டுப் புத்தகம் பெற்றுச் சென்ற பிள்ளை அடுத்த ஜூன் மாதத்தில் எங்கே இருக்கிறது? பள்ளியிலா, பட்டறையிலா? இக்கேள்விக்கு விடை கூறத்தக்கவர் நம் தெருவில் ஒருவரேனும் உண்டா?

பணம் உடையவர் பணம் தருகிறார். அரசும் தருகிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு இன்று மிக அரிதாகக் கிடைப்பது, அதன் படிப்பைத் தம் பொறுப்பாகக் கருதி, ஆண்டுக்கணக்கில் உடன் நடந்து வரும் ஒரு பெரியவரே. அத்தகைய வழிகாட்டியாக நம்மில் பலரும் முன்வர இயலும், முன்வருதல் வேண்டும். இதனை வாசக நேயர்களின் சிந்தனைக்கு வைக்க விழைகிறோம்.

சாரல் காலமும் சேர்க்கைக் காலமும்

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தனி மாவட்டமான தென்காசியை எடுத்துக்கொள்வோம். குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசியைத் தழுவிச் சென்று தாமிரபரணியில் கலக்கிறது. நீர்வளம் மிக்க பூமி. ஆயினும் தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை முதலிய ஊர்களின் உட்தெருக்களில் நடந்து பார்ப்போமாயின், மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய்மார்களைப் பல திண்ணைகளில் காணலாம். அவர்களின் விரல்கள் ஓய்ந்தால் அடுப்பும் ஓயும். அத்தாய்மார்களின் பிள்ளைகளே பக்கத்து அரசுப் பள்ளிகளில் படிக்கின்றனர்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராட நாலா திசையிலிருந்தும் மக்கள் திரள்வர். பழக்கடை, உணவு விடுதி, தங்கும் விடுதி எனத் தற்காலிக வேலைகள் பெருகும். ஒரு சிறுவன் அங்கே நாட்கூலியாகப் பெறும் தொகை ஏழை வீட்டிற்குச் சிறிதன்று.

இதில்தான் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகின்றன. கல்லூரி விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு ஆகியவை அதனை அடுத்த மாதங்களில் நடைபெறுகின்றன. சாரல் காலமும் சேர்க்கைக் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. “சீசன் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று கடைக்குச் செல்லும் மாணவன் சீசன் முடிந்து வீடு திரும்பும்போது, சேர்க்கையும் முடிந்திருக்கிறது. ஓராண்டு விடுபட்டுக் கையில் காசு புழங்கியவன் மறுபடியும் புத்தகத்தை எடுப்பது எளிதன்று. அவன் அறிவில் குறைந்தவன் அல்லன். எந்தத் தேதிக்குள் எந்த வாசலில் நிற்கவேண்டும் என்பதை அவனுக்குச் சொல்ல ஆளில்லை. கல்லூரிப் படியை மிதித்தறியாத அவன் பெற்றோர் அதனை எங்ஙனம் அறிவர்? அவர்களைக் குறை கூறுவது அறமாகாது.

திறந்திருக்கும் கதவுகள்

ஏழைப் பிள்ளைகளுக்கு உதவி இல்லை என்று எவரும் கூறிவிட முடியாது. கதவுகள் பல திறந்தே இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை அறிந்துகொள்வது வழிகாட்ட விரும்புவோரின் முதற்கடன்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வு நடைபெறுகிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். தேர்வு பெறுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன் வினாக்கள் இதில் இடம்பெறும். அவற்றைப் பழகாத பிள்ளை, வகுப்பில் முதல் மாணவனாக இருந்தாலும் தடுமாறும். வாரம் ஒருநாள் உடன் அமர்ந்து பழக்க ஒருவர் இருப்பாராயின் அத்தடுமாற்றம் நீங்கும்.

பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு தனியே கல்வி உதவித்தொகை வழங்கி வருகிறது. ஆரம்ப வகுப்பில் ஆயிரம் ரூபாயில் தொடங்கி, தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை அது உயர்கிறது. தாயாரிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தைக் கணினி வழியே அனுப்புதல் வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டில் வந்தது. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. கலந்தாய்வு வழியே சேர்வோருக்கே அது கிட்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-ஆம் ஆண்டு முதல் 3.5 விழுக்காடு ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது.

இவற்றிலுள்ள ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கியேனும் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இரண்டு மூன்று ஆண்டுகளில் கட்டணம் செலுத்த இயலாமல் மீண்டும் அரசுப் பள்ளிக்கே அழைத்து வருவதைக் காண்கிறோம். இடையில் போன அந்த ஆண்டுகளால் 7.5 விழுக்காட்டு உரிமை கைநழுவிவிடக்கூடும். ஐந்தாம் வகுப்பு முடியும் வேளையிலேயே இதனை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

இன்னொன்று பெயர். ஆதார் அட்டையில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும், வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாகவும் முஹம்மது என்னும் பெயர் எழுதப்பட்டிருக்கும். தலைப்பெழுத்தும் மாறியிருக்கும். இதனாலேயே விண்ணப்பங்கள் தடைப்படுவதுண்டு. இதனைச் சரிசெய்யப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்திற்கோ, இ-சேவை மையத்திற்கோ உடன் செல்ல ஒரு மனிதர் வேண்டும். அவ்வளவே.

கதவும் திறந்து, கைப்பிடிப்பாரும் அமைந்துவிட்டால் என்ன நிகழும் என்பதற்கும் இம்மாவட்டமே சான்று தருகிறது. செங்கோட்டையில் பீடி சுற்றும் தாய் ஒருவரின் மகள், நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சியும் உதவியும் பெற்று, 2023-ஆம் ஆண்டுக்கான இந்தியக் குடிமைப்பணித் தேர்வில் தேறினார். 2024 ஏப்ரலில் முடிவு வெளியானபோது நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது.

இமாம் அவர்கள் காட்டிய வழி

இஸ்லாமிய வரலாற்றில் இத்தகைய பணிக்கு முன்மாதிரி தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுத்தறிந்த சிலர் பொருள் கொடுத்து விடுதலை பெற இயலாதிருந்தனர். அவர்கள் மதீனத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்றுக் கொடுப்பதையே விடுதலைக்கு ஈடாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நேரமும் அறிவும் பணத்திற்கு நிகராக அன்றே மதிக்கப்பட்டன.

கூஃபா நகரில் ஓர் ஏழைச் சிறுவர் இருந்தார். வீட்டின் வறுமையால் கூலி வேலைக்குச் செல்ல வேண்டிய நிலை. ஆனால் அவர் உள்ளமோ இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடசபையை நாடியது. வயிற்றுப் பிழைப்பை விட்டுப் பாடத்திற்குச் செல்வதை வீட்டார் தடுத்தனர். பட்டு வணிகரான இமாம் அவர்கள், அச்சிறுவர் வாராததைக் கவனித்தார்கள், காரணத்தைக் கேட்டறிந்தார்கள், செலவுக்குப் பணம் தந்து, தவறாமல் பாடத்திற்கு வருமாறு பணித்தார்கள். அப்பணம் தீரும் வேளையை அவர்களே உணர்ந்து, கேட்கும் முன்னரே மீண்டும் வழங்கி வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். அந்தச் சிறுவரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களின் ஆட்சியில் தலைமை நீதிபதியாக விளங்கி, ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலை இயற்றிய இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள்.

இவ்வரலாற்றில் பணத்தையே பெரிதாகக் காண்போர் உளர். பணம் இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது, வராத மாணவனை வரவில்லை என்று கவனித்த கண். நம் தெருவிலும் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகின்றனர். அதனைக் கவனிக்கும் கண்களே குறைந்துவிட்டன.

கடையநல்லூரார் எழுப்பிய பள்ளி

“நாமே உழைத்துண்ணும் எளியவர்கள், பிறர் பிள்ளைக்கு நாம் என்ன செய்துவிட முடியும்?” என்று கேட்போருக்கும் இம்மண்ணிலேயே விடை இருக்கிறது. தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்ற முஸ்லிம்கள், துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பாகார் பகுதியில் பெருமளவில் வாழ்ந்தனர். பெரும்பாலோர் உடலுழைப்பாளர்கள். 1941-ஆம் ஆண்டில் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கத்தை நிறுவினர். உலகப்போரின் துயரங்கள் ஓய்ந்த மறு ஆண்டே, 1946-இல், அச்சங்கத்தார் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்து 1982 வரை நடைபெற்றது. அப்புலவர் பெருமானின் பெயரால் இன்றும் சிங்கப்பூரில் ஒரு தமிழ்மொழி நிலையம் இயங்கி வருகிறது. வசதி வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அப்பள்ளி எழுந்திருக்குமா?

தன்னார்வலர் செய்த பணி

கொரோனா நோய்க்காலத்தில் பள்ளிகள் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தன. எழுத்தறிந்த பிள்ளைகள் எழுத்தை மறந்தன. அந்த இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாலைப் பொழுதில் சிறு குழுக்களாகப் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மட்டுமே ஊக்கத்தொகை.

அதன் பயன் என்ன என்பதைப் பொருளாதார அறிஞர்கள் அளந்து பார்த்தனர். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த அவ்வாய்வு, இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இத்தன்னார்வலர்களின் மாலை வகுப்பால் விளைந்தது என்றும் கண்டது. பெரிய பட்டங்கள் பெறாத பெண்மணிகள் திண்ணையிலும் முற்றத்திலும் அமர்ந்து ஆற்றிய பணி இது!

கடல் கடந்த அனுபவம் ஒன்றையும் அறிந்துகொள்வது நன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1904-ஆம் ஆண்டு நீதிமன்ற எழுத்தர் ஒருவர், குற்றவாளிக் கூண்டில் வந்து நின்ற ஏழைச் சிறுவர்களைக் கண்டு மனம் கசிந்து, ஒருவர் ஒரு சிறுவனுக்கு அண்ணனாக இருக்க முன்வருமாறு நண்பர்களை அழைத்தார். அவ்வியக்கம் இன்று உலகறிந்த நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அதில் சேர விண்ணப்பித்த 1,138 இளம்பிராயத்தினரைப் பற்றி 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஓர் உண்மையைக் காட்டியது. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த துணையால் பிள்ளைகள் மிகுந்த பயன் பெற்றனர். ஆனால் மூன்று மாதத்திற்குள் துணை விலகிப்போன பிள்ளைகளிடம், தம்மைப் பற்றிய மதிப்பே குறைந்துபோயிருந்தது.

இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். முன்பே பலரால் கைவிடப்பட்ட பிள்ளையிடம் அன்பாகப் பேசி, நாலு வாரம் வந்து, ஐந்தாம் வாரம் நின்றுவிடுவது தீங்காகவும் முடியலாம். “என்னிடம் ஏதோ குறை, அதனால்தான் இவரும் வரவில்லை” என்று அப்பிள்ளை எண்ணிக்கொள்ளும். அருவி பேரொலியுடன் விழுகிறது, பார்ப்போர் வியக்கின்றனர். வயலை விளைவிப்பதோ ஓசையின்றி நாள்தோறும் ஓடும் வாய்க்கால். விழா எடுத்து வழங்கும் உதவி அருவியைப் போன்றது. வழிகாட்டியின் பணி வாய்க்காலைப் போன்றது.

முன்வருவோர்க்குச் சில சொற்கள்

முதலாவது: ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகளை ஏற்காதீர்கள். ஒருவரோ இருவரோ போதும். வாரத்தில் ஒருநாள், ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டேனும் அந்நேரத்தை வேறெதற்கும் கொடுக்க மாட்டேன் என்று உறுதி கொண்ட பின்னரே தொடங்குங்கள்.

இரண்டாவது: பெற்றோரின் இசைவைப் பெறுங்கள். பள்ளிவாசலின் கூடம், நூலகம், பலர் வந்துபோகும் திண்ணை ஆகிய பொது இடங்களிலேயே சந்தியுங்கள். எந்தப் பிள்ளையுடனும் தனித்திருத்தல் கூடாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே வழிகாட்டுவது நலம். குற்றாலத்தில் 1964 முதல் இயங்கிவரும் பராசக்தி மகளிர் கல்லூரி போன்றவற்றில் பயிலும் நம் பெண்மக்கள், தம் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு தங்கையை ஏற்றுக்கொள்ளலாகாதா? “நானும் உன்னைப்போல் பீடி சுற்றிய வீட்டிலிருந்துதான் சென்றேன்” என்று அந்த அக்காள் கூறும் ஒரு சொல், நம் நூறு பிரசங்கங்களுக்குச் சமம்.

மூன்றாவது: பேசுவதைக் குறைத்து, கேட்பதைப் பெருக்குங்கள். மதிப்பெண் குறைந்ததற்கு ஏசுவதில் பயனில்லை. இரவில் படிக்க விளக்கு உண்டா, தந்தையார் வேலைக்குச் செல்கிறாரா, கண் சரியாகத் தெரிகிறதா என்று விசாரியுங்கள். பல நேரங்களில் காரணம் அங்கேதான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். உதவியைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாதீர்கள்.

நான்காவது: ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சான்றிதழ்கள், விண்ணப்பத் தேதிகள், தேர்வு நாட்கள் அதில் இருக்கட்டும். சேர்க்கையைத் தவறவிட்டவர்களுக்காக நடத்தப்படும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களைப் பற்றியும் அறிந்து வைத்திருங்கள். சாரல் காலத்தில் கடைக்குச் சென்றுவிட்ட மாணவனை அங்கேயே தேடிச் சென்று அழைத்து வருவதற்கும் தயங்காதீர்கள். முதலாளியிடம் இரண்டு நாள் விடுப்புக் கேட்டுப் பெற்றுத் தருவதும் வழிகாட்டியின் வேலையே.

ஐந்தாவது: பிள்ளை எந்தத் தெரு, எந்தச் சமயம் என்று பாராதீர்கள். ஜகாத்திற்கு உரியவர் இன்னார் என்று ஷரீஅத் வகுத்திருக்கிறது. நேரமாகிய தருமத்திற்கு அவ்வாறான எல்லை இல்லை. ஒரே பள்ளியில், ஒரே பலகையில் அமரும் பிள்ளைகளை நாம் பிரித்து வைக்கலாகாது.

யார் இதற்குத் தகுதி உடையவர் என்று கேட்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் தகுதியுடையவர். வளைகுடாவிலும் சிங்கையிலும் உழைத்து ஊர் திரும்பியவர் தகுதியுடையவர். தென்காசி வ.உ.சி. வட்டார நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் தகுதியுடையவர். எழுதப் படிக்க மட்டுமே அறிந்த தையற்காரரும், வாரந்தோறும் தவறாமல் வந்து “பள்ளிக்குப் போனாயா?” என்று கேட்பாராயின் தகுதியுடையவரே.

தேடி வருவோரைத் திருப்பாதிருப்போம்

குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், கண்பார்வையற்ற ஏழைத் தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் விரைந்து வந்ததும், அது தொடர்பாகத் திருமறையின் 80-ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கியதும் நாம் அறிந்த செய்தி. ஆர்வத்தோடு தேடி வரும் எளியவருக்கே நம் கவனத்தில் முதலிடம் என்பது அதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

இன்றைய எளிய பிள்ளைகளுக்குத் தேடி வரவும் தெரியவில்லை. எங்கே வருவது, யாரைக் கேட்பது என்று அறியாமல் தெருமுனையில் நிற்கின்றனர். ஆகவே நாம்தான் அவர்களிடம் செல்ல வேண்டியிருக்கிறது. வரும் வெள்ளியன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் செருப்பைத் தேடும் சிறுவர்களுள் ஒருவனை நிறுத்தி, “எந்த வகுப்பு படிக்கிறாய், தம்பி?” என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையை மறவாதிருங்கள். அடுத்த வெள்ளியும் அவனைக் கேளுங்கள். பணி அங்கிருந்தே தொடங்கிவிடும்.

வல்ல நாயன் நம் நேரத்தில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன்.